சோக் குமிழில் தொங்கும் தேநீர்ப் பொட்டலம்

எங்கள் பழைய காருக்கு நான் புதிய எலும்பும் புதிய இதயமும் வைத்தேன். யாருக்காக என்று யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: மனைவிக்காக. இரண்டு வருடம் அதை நானே நம்பினேன். நம்புவதற்கு வசதியான பதில் அது.

கார் வெளிர்பச்சை. என் வயதை ஒத்தது, இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. கல்யாணத்துக்கு முந்தைய வருடம், தோட்டத்து ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் வாங்கினேன். மின்னணுத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. ஆறு நாள் மற்றவர்களின் இயந்திரங்கள், ஏழாம் நாள் என்னுடையது. ஞாயிறு சாயங்காலம் புக்கிட் காத்திலில் வீட்டைப் பூட்டிவிட்டு நானும் மனைவியும் தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குப் போவோம். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கலங்கின தண்ணீர், நான்கைந்து மீன்படகு, தூரத்தில் நகராமல் நிற்கும் கப்பல்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்போம். அந்தச் சும்மாவுக்காகத்தான் போவோம்.

போகிற வழியில் ஒரு கடையில் தே ஓ ஐஸ், பாலில்லாத ஐஸ் தேநீர், ஒரு பொட்டலம். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரஃபியா கயிற்றால் ஓரத்தில் கட்டி, உறிஞ்சுகுழல் செருகித் தருவார்கள். காரில் அதை வைக்க இடமேது? டாஷ்போர்டின் நடுவில், அவள் கைக்கு எட்டும் இடத்தில், ஒரு கறுப்புக் குமிழ் இருந்தது. சோக் என்பார்கள். இஞ்சின் குளிர்ந்து கிடக்கும் காலைகளில் அதை வெளியே இழுத்தால்தான் பெட்ரோல் கூடுதலாக இறங்கி வண்டி கிளம்பும். அவள் ஏறி உட்கார்ந்ததும் கயிற்று வளையத்தை அந்தக் குமிழில் மாட்டிவிடுவாள். பொட்டலம் முழங்காலுக்கு மேலே ஆடிக்கொண்டே வரும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். யாராவது குறுக்கே வந்தால் போதும், என் வாயும் காலும் சேர்ந்து வேலை செய்யும். அவள் சண்டை போட மாட்டாள். பொட்டலத்தைப் பார்த்து, "தண்ணி ஆடுதுங்க" என்பாள், அவ்வளவுதான். நான் காலைத் தளர்த்துவேன். முப்பது வருடம் எங்கள் குடித்தனம் இப்படித்தான் ஓடியது.

பிறகு அவள் முதுகெலும்பில் தட்டு நழுவியது. அறுவை சிகிச்சை நடந்தது, நடமாட்டம் திரும்பியது, ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. குலுங்கினால் வலி கால் வரைக்கும் இறங்கும். எங்கள் காரோ பட்டை ஸ்பிரிங் மேல் நிற்பது. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், வீட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் ஏழு பம்ப். வேகத்தை மட்டுப்படுத்த மேடு போடுகிறேன் என்று நாட்டிலுள்ள தாரையெல்லாம் இங்கேயே கொட்டிவிட்டார்கள். மூன்றாவது பம்ப்பில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தேன். வண்டியைத் திருப்பினேன்.

"இனி நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்றாள்.

வீட்டில் சின்ன உள்ளூர் கார் ஒன்றும் இருந்தது. சாய்வு இருக்கையில் படுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்வர அது. கடலுக்கு அதில் போகலாம் என்றால், "அது ஆஸ்பத்திரி வண்டிங்க, அதுல ஏறினா மருந்து வாசம்தான் வருது" என்பாள். ஒரு ஞாயிறு நான் மட்டும் பச்சைக் காரில் போனேன். தேநீர் வாங்கிக் குமிழில் மாட்டினேன். கடலைப் பார்த்தேன். கடல் நன்றாகவே இல்லை. பொட்டலத்தைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். மேலே கூடு அப்படியே இருக்கட்டும், அடியில் அதைத் தாங்கும் இரும்புச் சட்டம், இஞ்சின், எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம். அவள் மறுபடி அந்த இருக்கையில் உட்கார வேண்டும், கடலுக்கு வர வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். சத்தியமாக அன்றைக்கு எண்ணம் அதுதான்.

பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு ஒரு நண்பன். ஃபோர்மன் என்றுதான் எங்கள் ஊரில் மெக்கானிக்கைச் சொல்வோம். சொந்தமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் சிலுவை போட்டுக்கொண்டான்.

"தங்கச்சிக்குன்னா மெத்து மெத்துனு ஸ்பிரிங் போட்டு முடிச்சிரலாம்லா மச்சான்" என்றான். "பந்தயக் கார் ஓடுற சட்டம் எதுக்குடா?"

"அடி நல்லா இருந்தாத்தான் மேல நல்லா இருக்கும்" என்றேன்.

"இஞ்சின்? கடலுக்குப் போக இவ்ளோ பெரிய இஞ்சினா? கடலைத் தாண்டி சுமத்ராவுக்குப் போறியா?"

நான் சிரித்துச் சமாளித்தேன். ஓய்வு பெற்ற பிறகு மத்தியானங்களில் போனில் நான் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவனுக்குத் தெரியாது. எங்கோ தூரதேசத்தில் கிழட்டுக் கார்கள் புதுச் சட்டத்தின் மேல் ஏறிப் பறப்பதைப் பார்த்துப் பார்த்து, தூக்கத்திலும் என் வலதுகால் தானாக அழுந்தும். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். என் ஆசைக்கு வெட்கம் மட்டுமில்லை, வயதும் தெரியவில்லை.

ஜொகூரில் பந்தயக் கார்களுக்குச் சட்டம் அடிப்பவர்கள் எங்கள் காரை அளந்து ஒன்று செய்து அனுப்பினார்கள். இஞ்சின் ஹாஃப்-கட்டாக வந்தது. ஜப்பானில் ஓடிய காரைக் குறுக்கே அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலில் ஏற்றிவிடுவார்கள், அதற்குத்தான் ஹாஃப்-கட் என்று பெயர். அந்தப் பாதிக் காரின் கண்ணாடிக்குக் கீழே ஒரு காய்ந்த இலை சிக்கியிருந்தது. விரித்த கைபோல, சிவப்பாக. எந்தத் தெருவில், எந்த மரத்தடியில் நின்ற கார் அது? வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அதைச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்தாள். "வந்த எடத்துல அதுக்கும் ஒரு எடம் இருக்கட்டும்" என்றாள்.

கூட்டைச் சட்டத்திலிருந்து பிரித்துத் தூக்கிய நாளில் அவளும் ஒர்க்ஷாப்புக்கு வந்தாள். நாற்காலி வேண்டாம் என்று நின்றுகொண்டே பார்த்தாள். வெளியே மழை, தகரக் கூரையில் ஒரே இரைச்சல். பச்சைக் கூடு நான்கு சங்கிலியில் தொங்கி, காற்றுக்கு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. இருக்கை இல்லை, சக்கரம் இல்லை. கீழே தரை தெரிந்தது. முப்பது வருடம் நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் வெறும் மழை வெளிச்சம் இருந்தது. நானும் அவளும் அதற்குள் மிதந்துகொண்டிருப்பதுபோல் எனக்குப் பட்டது.

"உள்ள ஒண்ணுமில்லாம எவ்ளோ லேசா இருக்கு" என்றாள் அவள். "என்னையும் இப்படித் தூக்கி வெச்சு அடியில மாத்திட்டா தேவல."

நான் அதைக் கேட்டேன். கேட்டுவிட்டு, சட்டத்தின் வெல்டிங் எவ்வளவு சுத்தம் என்று அவளுக்குக் காட்ட ஆரம்பித்தேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

வேலை வளர்ந்தது. இஞ்சின் நன்றாக உட்கார வேண்டுமென்று சட்டத்தைத் தாழ்த்தினோம். வளைவில் சாயக்கூடாதென்று ஸ்பிரிங்கை இறுக்கினோம். அகலமான சக்கரம், டிஸ்க் பிரேக். புது இஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து விடுவது கம்ப்யூட்டர், சோக்குக்கு வேலையில்லை. குமிழைக் கழற்றி பிஸ்கட் டின்னில் போட்டேன். அது இருந்த துளையை விகாரமாக விடலாமா? எவர்சில்வரில் வெள்ளிக்காசு அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, முகம் தெரிகிற மாதிரி மெருகேற்றி, துளையை மூடினேன். ஒரு முழு நாள் வேலை. காரிலேயே எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

பரிசோதனை, கடிதம், அனுமதி என்று தாள்கள் எல்லாம் கைக்கு வர மேலும் சில மாதங்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை கோவிலில் பூஜை போட்டு, அப்படியே கடலுக்குப் போவதாக ஏற்பாடு. நான் விடிந்ததுமே மோட்டார் சைக்கிளில் போய்த் தே ஓ ஐஸ் வாங்கி வந்தேன். அவள் மாம்பழ நிறப் புடவை கட்டியிருந்தாள். இடுப்புப் பட்டையைப் புடவைக்குள் மறைத்துக் கட்டி, பக்கவாட்டில் மெல்லத் திரும்பி உட்கார்ந்தாள். இருக்கை முன்னைவிடப் பள்ளம். உட்கார்ந்ததும் பொட்டலத்தின் கயிற்று வளையத்தை நீட்டினாள். பார்க்கக்கூட இல்லை, கை பாட்டுக்குப் போனது. விரல் எவர்சில்வர் வட்டத்தில் வழுக்கி இறங்கியது.

பார்த்தேன். பார்த்தும் என்ன சொன்னேன் தெரியுமா?

"சோக் இப்ப தேவையில்ல, எல்லாம் கம்ப்யூட்டர்லா" என்றேன் பெருமையாக.

"அப்படியா" என்றாள். பொட்டலத்தை மடியில் பிடித்துக்கொண்டாள்.

ஏழு பம்ப். ஒவ்வொன்றிலும் 'டக்' என்று ஓர் அடி. பழைய ஸ்பிரிங் குலுக்கியது என்றால் இது குத்தியது. அவள் ஒரு கையால் கதவுப் பிடியை இறுக்கியிருந்தாள். என் காதில் இஞ்சின் சத்தம் மட்டும்தான் விழுந்தது. என்ன சத்தம், அடடா. மெயின் ரோட்டில் ஏறியதும் உலகமே கொஞ்சம் பின்னால் தள்ளிப் போனது மாதிரி இருந்தது.

கோவில் வாசலில் குருக்கள் தீபம் காட்டி, காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். அதை நசுக்கிக்கொண்டு வண்டி முன்னால் உருள வேண்டும். ஒரு முழம் உருண்டால் போதும். நண்பன் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். இங்கேதான் என் முப்பது வருடப் பழக்கம் காலை வாரியது. பழைய இஞ்சினுக்கு எலுமிச்சம்பழம் ஏற வேண்டுமென்றால் பெடலைப் பாதிக்கு மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் உறுமி நின்றுவிடும், கோவில் வாசலில் நின்றுபோனால் அபசகுனம். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அப்படித்தான் மிதிப்பேன். என் கால் அதே மிதியை மிதித்தது.

கார் பாய்ந்தது. பின்சக்கரம் இடத்திலேயே சுற்றி, நசுங்க வேண்டிய பழத்தை முழுசாகப் பின்னால் எறிந்தது. அது குருக்களின் முழங்காலில் போய்ப் பட்டது. நான் பிரேக்கை மிதிக்க, சிதறு தேங்காய் உடைக்கும் தொட்டிக்கு ஒரு சாண் முன்னால் கார் ஆணி அடித்ததுபோல் நின்றது.

"மெதுவா சாமி, அம்பாள் எங்கயும் போயிர மாட்டா" என்றார் குருக்கள், முழங்காலைத் தடவியபடி. நண்பன் சிரித்தான். பிறகு காருக்குள் பார்த்தான், சிரிப்பை நிறுத்தினான்.

அவள் வாயிலிருந்து ஒரு "அம்மா" மட்டும் வந்திருந்தது. பொட்டலம் உடைந்து மாம்பழ நிறம் முழுக்கத் தேநீர். முகம் வெளுத்துவிட்டது. அப்போதாவது நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். அவமானம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வரும்.

"ஒழுங்கா சாஞ்சு உக்கார மாட்டியா நீ?" என்று கத்தினேன்.

பூக்கடை அம்மா ஓடிவந்து கைகொடுக்க, அவள் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கொஞ்ச நேரம் காரைப் பார்த்தாள்.

"கார் நல்லாருக்குங்க" என்றாள். "உங்களுக்குப் பொருத்தமா இருக்கு. எனக்காகச் செஞ்சதுன்னு மட்டும் இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க."

வாடகைக் காரைக் கூப்பிட்டு, பின் இருக்கையில் படுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள்.

எட்டு நாள் படுக்கை. நான் கஞ்சி வைத்தேன், தைலம் தேய்த்தேன், பேசவில்லை. காருக்கு உறை போட்டு மூடினேன். எல்லார் மேலும் கோபம்: சட்டம் அடித்தவன் மேல், நண்பன் மேல், எலுமிச்சம்பழத்தின் மேல்கூட. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்றால், பிடித்த கை யாருடையது என்று கேட்க வேண்டாமா? நான் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் தேநீர்க் கறையைத் துடைப்போமே என்று உறையை விலக்கி அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன். துடைத்துவிட்டு அந்த இருக்கையிலேயே சாய்ந்தேன். வண்டி வாங்கின நாளிலிருந்து நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் கார் வேறாக இருந்தது. ஸ்டியரிங் இல்லை, பெடல் இல்லை, பிடிக்க ஒன்றும் இல்லை, எதிரே அந்த வட்டம் மட்டும். அதில் என் முகம் சின்னதாகத் தெரிந்தது. அவள் செய்ததுபோலக் கையை நீட்டிப் பார்த்தேன். விரல் வழுக்கியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் காரில் அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு இடம். அதைத்தான் மெருகு போட்டு மூடியிருக்கிறேன்.

நண்பனுக்குப் போன் செய்தேன். "நீ வந்து ஓட்டு. நான் பக்கத்துல உக்காரணும்" என்றேன்.

கையில் தேநீர்ப் பொட்டலத்துடன் நான் இடப்பக்கம் உட்கார, அவன் ஓட்டினான். ஏழு பம்ப் போக, ஏழு பம்ப் வர. முதல் தடவை என் சட்டை நனைந்தது. என் முதுகில் தட்டெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, எனக்கே கண்ணில் நீர் வந்தது. பிறகு ஒர்க்ஷாப்பில் வேலை. ஸ்பிரிங்கை மாற்றுவோம், வாயகன்ற பொட்டலம் ஒன்று வாங்குவோம், ஏழு பம்ப் போய் வருவோம், சிந்தியதா என்று பார்ப்போம். தொழிற்சாலையில் எத்தனையோ கருவிகளை வைத்து அளந்திருக்கிறேன். இதற்குத் தேநீரைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை. காரை உயர்த்தினோம். சதைப்பற்றுள்ள டயர் போட்டோம். இருக்கையைப் பள்ளத்திலிருந்து மேலே ஏற்றினோம். பெடலை மிதித்தால் இஞ்சின் நிதானமாக விழிக்கும்படி கம்ப்யூட்டரில் சொல்லிவைத்தோம்.

"பந்தயக் குதிரைய வாங்கி பால் வண்டில கட்டுறியேடா" என்று நண்பன் ஒவ்வொரு திருகுக்கும் புலம்பினான். கடைசியில் நான் எவர்சில்வர் வட்டத்தைப் பெயர்த்துவிட்டு, பிஸ்கட் டின்னிலிருந்து கறுப்புக் குமிழை எடுத்துப் பொருத்தினேன். பின்னால் கம்பி கிடையாது. எதையும் இழுக்காது.

"இது எதுக்கு வேல செய்யுது?" என்றான்.

"தேத்தண்ணிக்கு."

அவன் ஒரு துணியை எடுத்துக் குமிழைத் துடைத்துவிட்டான்.

அவளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சமையலறை வாசலில் நின்று சொன்னேன். "மொதல்ல எனக்காகத்தான் செஞ்சேன். நீ சொன்னது சரி. கோவில்ல கத்துனதும் தப்பு. இப்ப மறுபடி செஞ்சிருக்கேன். வரணும்னு தோணுனா வா."

"ம்" என்றாள். கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

இரண்டு ஞாயிறு போயின. நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய வேலை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மூன்றாவது ஞாயிறு மூன்று மணிக்கு, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள்.

"வலிச்சா திருப்பிருவீங்கள்ல?"

"ஒடனே."

அன்றைக்குத் தேநீரை முன்னமே வாங்கவில்லை. பழைய கடைக்கு முன்னால் நிறுத்தினேன். ஏழு பம்ப்பையும் தாண்டித்தான் அங்கே வந்திருந்தோம், அவள் உதட்டைக் கடிக்கவில்லை. பொட்டலத்தை வாங்கிக் கொடுத்தேன். வளையத்தை எடுத்தாள், கையை நீட்டப் போனாள், பாதியில் நிறுத்தினாள். பிறகு குமிழைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. மாட்டினாள். இரண்டு விரலால் குமிழைத் தொட்டு, இழுத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகலியே."

"ஆகாது. சும்மாதான்."

வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் மழை பெய்து முடிந்த வெயில். இஞ்சின் எங்கோ தூரத்தில் யாரோ முனகுவதுபோல் கேட்டது. பொட்டலம் ஆடியது, ஆனால் தூளிக் குழந்தையை ஆட்டுகிற ஆட்டம். தஞ்சோங் கிளிங் வளைவில் கடல் இடதுபக்கம் தெரிந்ததும், "அந்தா பாரு, அதே கப்பல்" என்று சொல்லத் திரும்பினேன். அவள் தலையணையில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நிறுத்தினால் விழிப்பாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் இரவில்கூட இப்படி வாய் லேசாகத் திறந்து தூங்கி நான் பார்த்ததில்லை. நாங்கள் வழக்கமாக நிற்கும் மரம் வந்தது, போனது. ஹோட்டல்கள் போயின. படகுகள், வலை காயப்போட்ட வேலிகள், கம்பம் என்று நாங்கள் சொல்லும் கிராமத்து வீடுகள், எல்லாம் சத்தமில்லாமல் பின்னால் நழுவின. கடலும் ஓர் இடத்தில் விடைபெற்றுக்கொண்டது. நான் போய்க்கொண்டே இருந்தேன். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான், போடா என்று மனதுக்குள் சொல்லி வழிவிட்டேன். எனக்கும் தூக்கத்தில் ஓட்டுவதுபோல்தான் இருந்தது. ஐஸ் கரைந்து பொட்டலம் வியர்த்து, ஒவ்வொரு சொட்டாக விழுந்தது.

மஸ்ஜித் தானா சிக்னலில் நிற்க வேண்டியிருந்தது. கண் திறந்தாள்.

"கடல் எங்க?"

"எப்பவோ போயிருச்சு."

"எழுப்பக் கூடாதா?" என்று நிமிர்ந்து வெளியே பார்த்தாள். கடைப் பலகைகளைப் படித்தாள். "இது மஸ்ஜித் தானால்ல? எவ்ளோ நேரமா நான் உக்காந்திருக்கேன்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

அவள் நம்பவில்லை. போனை எடுத்துப் பார்த்தாள். பின்னால் கைவிட்டு முதுகைத் தொட்டுப் பார்த்தாள், அங்கே வேறு யாருடைய முதுகோ இருப்பதுபோல.

"வலிக்குதா?" என்றேன்.

"இருக்கு. ஆனா உக்காந்திருக்கேன்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். பச்சை விளக்கு எரிந்ததையும் பார்க்கவில்லை. பின்னாலிருந்தவர்கள் பொறுமையாக இருந்தார்கள்.

கொஞ்ச நேரம் இறங்கி நடந்துவிட்டுத் திரும்பினோம். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் நேராக ஓடும் ரோடு, கண்ணுக்கெட்டிய தூரம் வண்டியே இல்லை. நான் அதே வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தேன்.

"ரெண்டு வருஷமா உங்க கால் தூக்கத்துல மிதிக்குது" என்றாள் திடீரென்று. "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"சும்மா இரு. மெதுவாவே போவோம்."

"ஒரு தடவ. ஒரே தடவதான்."

தலையணையைச் சரிசெய்துகொண்டாள். பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். பிறகு பொட்டலத்தைக் குமிழிலிருந்து கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ம்" என்றாள்.

மிதித்தேன்.